மதுபானம் வாங்கும்போது செல்லுபடியான அட்டையைக் கடை மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பியர் போத்தலுடன் காசாளர் முன் நிற்கும் இளையரிடம் வயதுச் சான்று கேட்கப்படுவது முறையான செயல்தான். ஆனால் அவர் நீட்டுவது அரசாங்கம் வழங்கிய செல்லுபடியான அட்டையாக இருந்தும், “இது ஆகாது, ஐசி (அடையாள அட்டை) கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்படுவதும் இங்கே நடக்கிறது. இந்த மறுப்புக்கு ஆளாகிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் நம் சகோதரர்கள் பலர். வாங்குபவர்களுக்கும், கல்லாவில் நிற்கும் ஊழியர்களுக்கும், கடை நடத்துபவர்களுக்கும் பயன்படும் வகையில் கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

மதுபானம் வாங்க எத்தனை வயது நிரம்பியிருக்க வேண்டும்?

18 வயது. மதுபான விற்பனையையும் பொது இடங்களில் மது அருந்துவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் 2015 ஜனவரி 30 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடப்பிலிருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கும் உரிமதாரருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களே இச்சட்டத்தின்படி மதுபானம் ஆகும்.

சில கடைகள் 21 வயது என்று சொல்கின்றனவே?

பெரும்பாலும் இது சிகரெட்டுக்கான விதியோடு ஏற்படும் குழப்பம். புகையிலைப் பொருள்களுக்கான வயது வரம்பு 2019இல் 19 ஆகவும், 2020இல் 20 ஆகவும், 2021 ஜனவரி 1 முதல் 21 ஆகவும் படிப்படியாக உயர்த்தப்பட்டது. ஒரே கல்லாவில் இரண்டையும் விற்கும் ஊழியர் கூடுதலான வயதையே இரண்டுக்கும் பொதுவாக நினைவில் வைத்துக்கொள்வது இயல்புதான், ஆனாலும் அது தவறு. மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும் தங்கள் நுழைவு வயதை 18க்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அது அந்த இடத்தின் சொந்த விதியே தவிர நாட்டின் சட்டமன்று.

மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயது, தமிழ்நாட்டிலும் 21 வயது என்பதால், அங்கிருந்து வருகிறவர்களுக்கு இங்கேயும் அதுவே பொருந்துமோ என்ற ஐயம் எழுவதுண்டு. பொருந்தாது. சிங்கப்பூர்க் கடையில் வாங்குகிறவர் எந்த நாட்டவராயினும் சிங்கப்பூரின் வயது வரம்புதான்.

அடையாள அட்டையை மட்டுமே ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

சட்டம் தடுப்பது வயது நிரம்பாதவருக்கு விற்பதைத்தான். குடிமக்களின் இளஞ்சிவப்பு அல்லது நிரந்தரவாசிகளின் நீல அடையாள அட்டை மட்டுமே செல்லும் என்பது கடைகள் தாங்களாக வகுத்துக்கொண்ட நடைமுறை. கல்லாவில் நிற்பவர் உறுதிசெய்ய வேண்டியவை மூன்று: சான்று நம்பத்தக்க அரசாங்க அமைப்பு ஒன்றால் வழங்கப்பட்டதா, அதிலுள்ள படம் எதிரே நிற்பவருடையதா, அதன்படி அவருக்கு 18 வயது நிரம்பிவிட்டதா. இம்மூன்றுக்கும் தெளிவாக விடையளிக்கும் ஆவணத்தை மறுப்பதால் வயதுக்குறைந்தோர் பாதுகாப்பில் ஒரு துளியும் கூடுவதில்லை.

அப்படியானால், செல்லுபடியான சான்றைக் காட்டியும் கடை மறுப்பது சட்டவிரோதமா?

இல்லை. வாடிக்கையாளர்கள் இதை விளங்கிக்கொள்வது நல்லது. அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள பொருள், ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையில், வாங்க வருமாறு விடுக்கப்படும் அழைப்பு மட்டுமே. நீங்கள் அதைக் கல்லாவுக்குக் கொண்டுசென்று விலை கொடுக்க முன்வருகிறீர்கள், அதை ஏற்பதும் மறுப்பதும் கடையின் விருப்பம். ஆகவே “விற்றே ஆக வேண்டும்” என்று வாதிடுவதில் பயனில்லை. எனினும், மறுக்கும் உரிமை உண்டு என்பதாலேயே ஒவ்வொரு மறுப்பும் நியாயமாகிவிடாது. இந்தப் பக்கத்தின் அக்கறை அந்த நியாயத்தைப் பற்றியது.

கடைகள் ஏன் இப்படி மறுக்கின்றன?

முதல் காரணம் அச்சம். 10,000 வெள்ளி அபராதமும் உரிமத்தை இழக்கும் அபாயமும் கடைக்காரரின் தலைமேல் நிற்க, விற்பனையை இழப்பதால் அவருக்கு ஏற்படும் நட்டமோ சில வெள்ளிதான். பகுதிநேர ஊழியர் ஒருவரிடம் பத்து வகையான அட்டைகளைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைவிட “ஐசி மட்டும்” என்று சொல்லிவிடுவது முதலாளிக்கு எளிது. ஊழியரின் நிலையிலிருந்து பார்த்தால், தவறாக விற்றுவிட்டால் பழி தம்மேல் விழும், தவறாக மறுத்தால் எவரும் கேட்கப்போவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் பெரும்பாலான மறுப்புகளின் வேர் என்பது என் கருத்து. ஆகவே கல்லாவில் நிற்கும் அக்காவையோ அண்ணனையோ கடிந்துகொள்வது பொருத்தமற்றது, விதியை எழுதியவரிடமே பேச வேண்டும்.

வேலை அனுமதி அட்டையைக் காட்டினால் ஏன் மறுக்கிறார்கள்? அது வயதுச் சான்று ஆகாதா?

கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் ஒருவர், மாதம் முழுவதும் உழைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தம் பணத்தில் இரண்டு டின் பியர் வாங்க வருகிறார். அவர் பையில் இருப்பது வொர்க் பெர்மிட் அட்டை. அதை எப்போதும் உடன் வைத்திருந்து, அதிகாரிகள் கேட்கும்போது காட்ட வேண்டும் என்பது அவருடைய அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்று. கடப்பிதழையோ, தொலைந்துவிடும் என்ற அச்சத்தால் விடுதியில் பூட்டி வைத்திருப்பார், அதுவே விவேகமும்கூட. அரசாங்கம் எந்த அட்டையைக் காட்டச் சொல்கிறதோ அதைக் காட்டும்போது, கடை அதை ஒதுக்கிவிட்டு அவரிடம் இருக்க வாய்ப்பே இல்லாத இளஞ்சிவப்பு அட்டையைக் கேட்கிறது.

மனிதவள அமைச்சின் விதிகளைக் கவனித்தால் இந்த மறுப்பின் பொருளின்மை இன்னும் தெளிவாகும். வேலை அனுமதி பெறுவதற்கே குறைந்தது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இல்லப் பணிப்பெண்களுக்கு அந்த வரம்பு 23. அதாவது, முறையான வேலை அனுமதி அட்டை ஒருவரிடம் இருக்கிறது என்றாலே, அது அவருடையதுதான் என்று படத்தைப் பார்த்து உறுதிசெய்த அந்தக் கணத்திலேயே வயதுக் கேள்வி முடிந்துவிடுகிறது. 15 வயதிலேயே வழங்கப்படும் சிங்கப்பூர் அடையாள அட்டையில் பிறந்த தேதியைத் தேடிக் கணக்கிட வேண்டியிருக்கிறது. வேலை அனுமதி அட்டையில் அந்தக் கணக்குக்கே தேவையில்லை. கல்லாவில் வந்து சேரும் சான்றுகளில் மிக எளிதாக ஏற்கத்தக்கதைத்தான் சில கடைகள் முதலில் தள்ளிவிடுகின்றன.

அனுமதி காலாவதியாகியிருக்குமோ, ரத்து செய்யப்பட்டிருக்குமோ என்று சில கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். அட்டையின் செல்லுபடியைச் சரிபார்ப்பது முதலாளிக்கும் அமைச்சுக்கும் உரிய வேலை. அட்டையிலுள்ள கியூஆர் குறியீடு அதற்கென்றே உள்ளது. மது விற்கும் கடைக்கு வேண்டியது வயது, ஒருமுறை 18ஐத் தாண்டியவர் அனுமதி முடிந்ததும் மீண்டும் 17 ஆகிவிடுவதில்லை.

சொல்லத் தயங்கும் காரணம் ஒன்றும் உண்டு. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் பேருந்து மோதி இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, நிலைமை மோசமானதற்கு மதுவும் ஒரு காரணம் என்று கூறியது. அதன் பிறகு வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக்கியது. அந்தச் சட்டம் இடத்தையும் நேரத்தையும் கட்டுப்படுத்துகிறதே ஒழிய, எந்த அட்டை வைத்திருப்பவர் வாங்கலாம், எவர் வாங்கக்கூடாது என்று ஆட்களைப் பிரிக்கவில்லை. சட்டம் வரையாத கோட்டை ஒரு கடை தன் கல்லாவில் வரைந்து, வெளிநாட்டு ஊழியர் என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பினால், வயதுச் சோதனை என்னும் பெயரில் நடப்பது வேறொன்று. அதைக் கண்டு பேசாமல் கடந்து போகக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதில் இத்தனை நீண்டுவிட்டது.

அரசாங்கத்தின் சிங்பாஸ் செயலியிலுள்ள மின்னிலக்க அடையாள அட்டையைக் கடை ஏற்க வேண்டுமா?

2021 நவம்பர் 1 முதல் அரசாங்க அமைப்புகள், சட்டம் நேரடி அட்டையைக் கட்டாயமாக்கும் இடங்கள் தவிர, மின்னிலக்க அட்டையை ஏற்கின்றன. தனியார் கடைகளுக்கு அது கட்டாயமில்லை, விரும்பினால் ஏற்கலாம். திரைப்பிடிப்பைக் காட்டி ஏமாற்றிவிடுவார்கள் என்பதே கடைகள் சொல்லும் காரணம், அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் செயலியை உங்கள் கண்முன் திறக்கச் சொன்னால் அந்த ஐயம் பெருமளவு தீர்ந்துவிடும். கைப்பேசியைச் சாய்க்கும்போது அசையும் சிங்கச் சின்னம், உயிரற்ற படத்தில் அசையாது.

இந்த மறுப்பு ஒரு சாராரை மிகவும் பாதிக்கிறது. 2023 பிப்ரவரி இறுதியிலிருந்து குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் மாணவர் அனுமதிக்கும் நீண்டகால வருகை அனுமதிக்கும் பிளாஸ்டிக் அட்டை வழங்குவதை நிறுத்தி, மின்னிலக்க அனுமதியை மட்டுமே வழங்கி வருகிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் 20 வயது மாணவர் ஒருவரிடம் “கைப்பேசியில் காட்டாதே, அட்டையைக் கொடு” என்றால், அவரால் கொடுக்க முடிந்த அட்டை என்று ஒன்று இல்லை. கடப்பிதழைத் தவிர வேறு வழியில்லாத நிலைக்கு அவரைத் தள்ளுகிறோம். ஆனால் இந்த இரண்டு அனுமதிகளும் சிறுவர்களுக்கும் வழங்கப்படுகின்றன. எனவே இவற்றில் பிறந்த தேதியைப் பார்க்காமல் விற்கக்கூடாது.

ஓட்டுநர் உரிமம்?

கார் ஓட்டவும் மோட்டார் சைக்கிள் ஓட்டவும் இங்கே குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் உடையவருக்கு மது வாங்கும் வயதும் நிரம்பியிருக்கும். ஏற்பதற்கு ஒரு தடையும் இல்லை. வெளிநாட்டு உரிமத்தில் அப்படி முடிவுசெய்ய இயலாது, ஏனெனில் பல நாடுகளில் 16, 17 வயதிலேயே உரிமம் கிடைக்கும்.

தேசியச் சேவையாளரின் 11பி அட்டை?

தேசியச் சேவை எனப்படும் கட்டாய முழுநேரச் சேவையில் சேர்ந்த இளையர்கள் நெடுங்காலமாகத் தங்கள் அடையாள அட்டையைப் படையிடம் ஒப்படைத்துவிட்டு, 11பி எனப்படும் இராணுவ அடையாள அட்டையையே வைத்திருந்தார்கள். நாட்டைக் காக்கும் பணியிலிருக்கும் ஒருவரின் அட்டையை மறுப்பது கடைக்குப் பெருமை தராது. எனினும், விருப்பத்தின் பேரில் 18 வயதுக்கு முன்பே சேவையில் சேர்ந்தவர்களும் உண்டு என்பதால், அட்டையைக் கண்டவுடன் வயது நிரம்பிவிட்டது என்று கொள்ளாமல் பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டும்.

கடப்பிதழ், மலேசிய மைகார்டு, ஆதார் அட்டை ஆகியவற்றை ஏற்கலாமா?

கடப்பிதழை எந்தக் கடையும் மறுக்கத் தேவையில்லை. எந்த நாட்டுக் கடப்பிதழாக இருந்தாலும் பிறந்த தேதியும் படமும் ஒரே பக்கத்தில் இருக்கும், நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையும் பெரும்பாலும் நமக்குப் பழக்கமானதே.

மைகார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் பிறந்த தேதியைக் குறிக்கும். இதை அறிந்த கடைக்காரர் ஏற்கலாம், அறியாதவர் கடப்பிதழைக் கேட்டால் குறைசொல்ல முடியாது, எல்லை தாண்டி வந்தவரிடம் அது இருக்கும்.

ஆதார் அட்டையைப் பொறுத்தவரை, மறுக்கும் கடையின் பக்கமே நியாயம் இருக்கிறது. பழைய அட்டைகள் சிலவற்றில் பிறந்த ஆண்டு மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். ஆதார் அடையாளத்துக்கான சான்றே தவிர பிறந்த தேதிக்கான சான்று அன்று என்று இந்தியத் தரப்பே கூறுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எந்த ஆவணமானாலும் அதன் ஒளிநகலையோ கைப்பேசிப் படத்தையோ ஏற்காத கடை சரியாகவே நடந்துகொள்கிறது.

அடையாள அட்டையிலுள்ள படம் என்னைப் போல இல்லை என்று மறுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

சிங்கப்பூர் அடையாள அட்டை 15 வயதில் வழங்கப்படுகிறது, மறுபதிவு 30 வயதில் நடைபெறுகிறது. ஆகவே மீசை முளைக்காத பள்ளிப் பருவப் படத்துடன் 28 வயது இளைஞர் வந்து நிற்பது இங்கே அன்றாடக் காட்சி. தாடி வளர்ந்திருக்கலாம், உடல் மெலிந்திருக்கலாம், முன்பு இல்லாத கண்ணாடியோ முக்காடோ இருக்கலாம். காதின் அமைப்பும் புருவமும் தாடையும் எளிதில் மாறுவதில்லை, ஊழியர்கள் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கப் பழகலாம். ஐயம் தீரவில்லையென்றால் இரண்டாவது சான்று ஒன்றைக் காட்டச் சொல்வதே மரியாதையான வழி. வேறொருவரின் அடையாள அட்டையைப் பயன்படுத்துவது குற்றம் என்பதால் ஊழியரின் எச்சரிக்கையையும் நாம் மதிக்க வேண்டும்.

பெயர் குழப்பமாக இருக்கிறது என்று மறுக்கலாமா?

இது நம்மவர்களுக்கே உரிய தொல்லை. குடும்பப் பெயர் இல்லாத ஒற்றைப் பெயர், முன்னெழுத்து, தந்தை பெயரைப் பின்னால் சேர்க்கும் முறை ஆகியவற்றால் வங்கி அட்டையில் ஒரு வடிவமும் கடப்பிதழில் வேறொரு வடிவமும் இருக்கும். வயதைச் சரிபார்க்கப் பெயர் தேவையே இல்லை. முகமும் பிறந்த தேதியும் போதும்.

கடைக்காரர் என் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளவோ, படமெடுக்கவோ, எண்ணைக் குறித்துக்கொள்ளவோ அனுமதி உண்டா?

வயதைச் சரிபார்ப்பதற்காக அட்டையைக் கண்ணால் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதில் பிரச்சினை இல்லை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வெளியிடப்பட்டு 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த வழிகாட்டுதலின்படி, சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்வது இன்றியமையாததாக இருந்தாலோ தவிர, தனியார் அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கவோ, நகலெடுக்கவோ, அட்டையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவோ கூடாது. வெளிநாட்டவரின் அடையாள எண்ணுக்கும் வேலை அனுமதி எண்ணுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. இரண்டு டின் பியருக்காக எவருடைய அட்டையையும் படமெடுக்க வேண்டியதில்லை. எடுத்தால், முதலில் கடையின் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும், பயனில்லையெனில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடமும் புகார் செய்யலாம்.

எல்லாச் சான்றும் சரியாக இருந்தும் இரவில் விற்க மறுத்தார்கள். ஏன்?

இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மதுபானத்தைக் கடைகள் விற்கக்கூடாது. அதே நேரத்தில் பொது இடங்களில் அருந்தவும் கூடாது. முதல்முறை மீறுபவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடங்களில் அருந்துவதற்குத் தடை உண்டு. சிராங்கூன் சாலையில் ஞாயிறன்று மது வாங்குகிறவர், அதைத் தெருவோரத்தில் திறக்காமல் அறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். சான்றைப் பற்றிய மறுப்பா, நேரத்தைப் பற்றிய மறுப்பா என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கலாம்.

என் செல்லுபடியான அட்டையை மறுத்தால் நான் என்ன சொல்லலாம்?

குரலை உயர்த்தாமல், பிறந்த தேதி அச்சிடப்பட்டிருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். வேலை அனுமதி அட்டையாக இருந்தால், “18 வயது ஆகாதவருக்கு இந்த அட்டையே கிடைக்காது, வேண்டுமானால் மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பாருங்கள்” என்று சொல்லலாம். அப்போதும் மறுத்தால் அங்கேயே நின்று வாதாட வேண்டாம். குறிப்பாக வேலை அனுமதியில் இருப்பவர்கள், சிறு தகராறும் தங்கள் வேலையைப் பாதிக்குமோ என்ற கவலையோடு வாழ்கிறார்கள், அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. நாள், நேரம், சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். எழுதத் தயங்குபவருக்குப் பக்கத்தில் நிற்கும் நாம் எழுதிக் கொடுக்கலாம். அடையாள அட்டை கையிலிருக்கும் உள்ளூர்த் தமிழர் ஒருவரின் கடிதத்தை நிர்வாகம் எளிதில் ஒதுக்கிவிடாது.

கடை நடத்துகிறேன். ஊழியர்களுக்கு எப்படிப்பட்ட விதியை எழுதிக் கொடுக்கலாம்?

ஒரு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. ஏற்கும் சான்றுகளைப் படத்துடன் அச்சிட்டுக் கல்லாவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்: அடையாள அட்டை, சிங்பாஸில் நேரடியாகத் திறந்து காட்டப்படும் மின்னிலக்க அட்டையும் அனுமதிகளும், வேலை அனுமதி அட்டை, சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம், 11பி, கடப்பிதழ். இன்றைய தேதிக்கு 18 ஆண்டுகளுக்கு முந்தைய தேதியை நாள்தோறும் காலையில் எழுதி வைத்தால், ஊழியர் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ பிறந்தவருக்கு விற்கலாம். இந்த விதியைப் பின்பற்றிய ஊழியர்மீது பழி சுமத்தப்படாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், அச்சம் நீங்கினால் மறுப்பும் குறையும்.

வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கலாகாது. லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்திலாவது தமிழிலும் வங்காள மொழியிலும் வையுங்கள். தமிழில் இப்படி எழுதலாம்: “18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே மதுபானம் விற்கப்படும். படமும் பிறந்த தேதியும் உள்ள அரசாங்க அட்டையைக் காட்டவும். வேலை அனுமதி அட்டை ஏற்கப்படும். அட்டையைப் பார்த்தவுடன் உங்களிடமே திருப்பிக் கொடுப்போம்.”